சுவரில் இருந்த குறிப்பைப் படிக்காமல் இருந்திருந்தால்? – பிடித்த, பிடிபடாத சமகாலக் கலைஞர்கள்

நீலமை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சில வருடங்களாக மனதில் தீராமல் கிடக்கும் ஒன்றை இங்கே கொட்டிவிடுகிறேன்.

சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் ஓர் அறை மூலையில் மிட்டாய்க் குவியல் கிடந்தது. பல வண்ணப் பளபளத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள், இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் மணல் கொட்டியதுபோலச் சரிந்து கிடந்தன. பார்த்தேன், நல்ல நிறம் என்று நினைத்தேன், கடந்து போய்விட்டேன். அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பின்னால் வந்த ஒரு சிறுவன் குனிந்து ஒன்றை எடுத்து, தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆச்சரியத்தில்தான் திரும்பி வந்து சுவரில் இருந்த குறிப்பைப் படித்தேன்.

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டொரஸ், 1991. பெயர் 'தலைப்பற்றது', அதையொட்டி அடைப்புக்குறிக்குள் 'லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்'. ராஸ் அவருடைய காதலர். அதே 1991இல் எய்ட்ஸால் இறந்தவர். குவியலுக்கு வைத்திருக்கும் எடை 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோ. ஆரோக்கியமாக இருக்கும் ஓர் ஆணின் எடை. வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக எடுக்க எடுக்க அந்த உடல் குறைந்துகொண்டே வரும். பிறகு மறுபடி நிரப்புவார்கள். கொன்சாலஸ்-டொரஸும் 1996இல் அதே நோயால் போய்ச் சேர்ந்தார். 38 வயது.

படித்து முடித்தபின் கால் நகரவில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் வெளியே வந்து உட்கார்ந்தபோது ஒரு சங்கடம் பிடித்துக்கொண்டது. என்னை அசைத்தது மிட்டாயா, குறிப்பா? குறிப்புதான் என்றால், வீட்டிலிருந்தே நாலு வரி படித்து அழுதிருக்கலாமே. அந்தக் குவியல் எதற்கு?

பிடிபடாதவர் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க ஓவியர் சை ட்வாம்ப்ளி. பெரிய பெரிய துணிகளில் கிறுக்கல். மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன், புத்தகமும் படித்தாயிற்று. எதுவும் திறக்கவில்லை. அங்கே குறிப்பும் உதவவில்லை. உங்களுக்கு எப்படி என்று சொல்லுங்கள்.

கரித்துண்டு எழுதியது:

நீலமை அக்கா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் கோட்டோவியம் சொல்லிக்கொடுப்பவன். உங்களுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன்.

ஆக்னஸ் மார்ட்டினின் ஓவியம் ஒன்று. ஆறடிக்கு ஆறடி சதுரம். அறைக்குள் நுழைந்தபோது வெளிறிய சாம்பல் பலகை ஒன்று தொங்குவதாகத்தான் தெரிந்தது. நாலு எட்டு முன்னால் வைத்ததும் பலகை கலைந்து பனிமூட்டம் ஆயிற்று. இன்னும் கிட்டே, மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போனதும் பனி விலகிக் கோடுகள் வந்தன. பென்சில் கோடுகள், நூற்றுக்கணக்கில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. துணியின் இழை மேட்டில் ஏறும்போது கோடு அழுத்தமாகிறது, பள்ளத்தில் விட்டுப்போகிறது. அளவுகோல் வைத்துப் போட்ட கோடுதான், ஆனாலும் கையின் மூச்சு அதில் தெரிகிறது. நான் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். எந்தக் குறிப்பும் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வாழ்க்கையைப் படித்தேன். 1967இல், பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில், நியூயார்க்கை விட்டே கிளம்பிவிட்டார். பல வருடங்கள் ஓவியம் வரையவே இல்லை. நியூ மெக்சிகோவில் தங்கி 1970களின் நடுவில் மறுபடி தொடங்கி, 2004இல் 92 வயதில் இறக்கும்வரை தொடர்ந்தார். தாவோஸ் என்ற ஊரில் ஹார்வுட் அருங்காட்சியகத்தில் எட்டுப் பக்கச் சுவர்கள் கொண்ட ஓர் அறையில் அவருடைய ஏழு ஓவியங்கள் நிரந்தரமாக இருக்கின்றன. நடுவில் உட்காரப் பலகைகள். ஒருநாள் அங்கே போய் உட்கார வேண்டும்.

இந்தத் தகவல்களெல்லாம் பிடித்திருந்தது. ஆனால் அன்று நடந்ததில் இவை எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெள்ளைச்சுவர் எழுதியது:

கரித்துண்டு சார் சொன்னதுதான் என் அளவுகோல். குறிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவதுதான் கலை. மிட்டாய்க் குவியலின் கதை நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் அது இலக்கியத்தின் வேலை.

மார்ட்டின் கிரீட் 2001இல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசை வாங்கிய படைப்பு வெற்று அறை. விளக்கு ஐந்து நொடி எரியும், ஐந்து நொடி அணையும். அவ்வளவுதான். இத்தாலியக் கலைஞர் கட்டெலான் 2019இல் மயாமி கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் நாடாவால் ஒட்டினார். 1,20,000 டாலருக்கு விற்றது. 2024இல் அதன் ஒரு பதிப்பு ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பழத்தைச் சாப்பிட்டும் விட்டார். இதைப் பற்றி விளக்கங்கள் எத்தனையோ வந்தன. எல்லாம் விலையைப் பற்றித்தான், ஒன்றுகூட அந்தப் பழத்தை உற்றுப் பார்த்து எழுதியதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. முப்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருப்பவர்களை நினைத்து வருகிற கோபம்.

நான் யாரை மதிக்கிறேன் என்று கேட்டால்: டேசிங் ஷியே, ரோமன் ஒபால்கா.

ஷியே 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை, தொழிலாளர் உடையில், ஒரு மணிக்கு ஒருமுறை வருகைப்பதிவுக் கடிகாரத்தில் அட்டையைக் குத்தினார். இரவும் பகலும். 8,760 மணிகளில் அவர் தவறவிட்டது 133. அதையும் தூக்கத்தில் விட்டது எத்தனை, தாமதமாக வந்தது எத்தனை என்று பிரித்துக் கணக்கு வைத்திருக்கிறார். ஒபால்கா 1965இல் ஒரு துணியின் இடது மேல் மூலையில் 1 என்று எழுதி ஆரம்பித்தார். அடுத்தது 2, அடுத்தது 3. துணி முடிந்ததும் அடுத்த துணியில் அடுத்த எண். 1972 முதல் ஒவ்வொரு புதுத் துணியின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசி வருடங்களில் வெள்ளை மேல் வெள்ளை எழுத்து. எழுதும்போதே எண்களைப் போலிஷ் மொழியில் உரக்கச் சொல்லிப் பதிவும் செய்தார். 2011இல் இறந்தபோது 56,07,249இல் நின்றிருந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

பாவுநூல் எழுதியது:

வணக்கம். எழுதியது குறைவு, படிப்பது அதிகம். நெசவுக் குடும்பம் என்பதால் துணி என்றால் முதலில் கைதான் நீளும்.

ஆப்பிரிக்கச் சிற்பி எல் அனட்சுயியின் தொங்கல்களை முதல்முதலில் பார்த்தபோது தூரத்தில் பட்டென்றே நினைத்தேன். தங்க நிறம், சிவப்பு, ஆங்காங்கே கறுப்பு, மடிப்பு மடிப்பாக விழுகிறது. கிட்டே போனால் மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளும் கழுத்துப் பட்டைகளும். அடித்துத் தட்டையாக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டியிருக்கிறது. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆனால் எடையால் தொய்கிற இடத்தில் அசல் துணி எப்படித் தொய்யுமோ அப்படியே தொய்கிறது. அந்தத் தொய்வை வரைந்து கொண்டுவர முடியாது. கட்டித் தொங்கவிட்டால்தான் வரும்.

இன்னொன்று கேள்விப்பட்டு ரொம்பப் பிடித்தது. இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று அவர் வரையறுப்பதில்லை. மடித்து அனுப்பிவிடுகிறார். எந்த மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். துணி அப்படித்தானே? நெய்தவருக்கு உடுத்துகிறவரின் கொசுவம் தெரியாது.

பிடிபடாதவர் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். 2010இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபமான டர்பைன் ஹாலில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் சீனாவின் ஜிங்தேஜென் நகரத்தில் கையால் செய்து, கையால் கோடு போட்டது. 1,600க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள். முதலில் மக்கள் அதன்மேல் நடந்தார்கள், படுத்தார்கள். சில நாட்களில் பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். கூட்டத்துக்குள் கரைந்துபோகும் தனிமனிதர் பற்றிய படைப்பு என்கிறார்கள். அப்படியானால் அந்த 1,600 பேரும் இங்கேயும் கரைந்துதானே போனார்கள்? பார்க்கவும் முடிகிறது, பார்த்துக்கொண்டே உறுத்தவும் செய்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அனட்சுயியும் நைஜீரியாவின் நுசுக்காவில் நிறைய உதவியாளர்களை வைத்துத்தான் வேலை செய்து வந்தவர். அங்கே எனக்கு உறுத்தவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், சரியான விடை கிடைக்கவில்லை.

ஈரக்களிமண் எழுதியது:

டர்பைன் ஹால் பேச்சு வந்ததால்: கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோ, 2007. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு பொருளும் வைக்கவில்லை. தரையைப் பிளந்திருந்தார். மயிர்க்கோடாகத் தொடங்கி, கை நுழையும் அகலத்துக்கு விரிந்து, 167 மீட்டர் ஓடிய விரிசல். எல்லோரும் குனிந்தபடி, அதன் போக்கிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. குறிப்பு தேவைப்படவில்லை, கால் தானாகவே எச்சரிக்கையாகிவிட்டது.

ஆனால் பெயர் 'ஷிபோலேத்'. விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம். ஆற்றுத்துறையில் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். 'ஷி' வராமல் 'சி' என்றவர்களை வெட்டினார்கள். ழகரம் வராதவனை ஓர் எல்லையில் நிறுத்தி வெட்டுவதாக நினைத்துப் பாருங்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விரிசலுக்கு இரண்டு கரைகள் வந்துவிட்டன. நான் எந்தக் கரையில் நிற்கிறேன் என்ற கேள்வியும் வந்தது. வெள்ளைச்சுவர் சார், இது இலக்கியமா சிற்பமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கண்காட்சி முடிந்து விரிசலை நிரப்பிவிட்டார்கள். தழும்பு இன்னும் தரையில் இருக்கிறது.

கரித்துண்டு எழுதியது:

// அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு பொருளும் வைக்கவில்லை //

அருமை.

வெள்ளைச்சுவர் சார், ஒரே ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷியேவின் அட்டைகளையோ ஒபால்காவின் துணிகளையோ நேரில் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் சிலிர்த்தது. ஆனால் நான் படித்தது உங்கள் குறிப்பைத்தான்.

நீலமை அக்கா, ட்வாம்ப்ளி பற்றி. வகுப்பில் ஒருமுறை அவருடைய கரும்பலகை ஓவியம் (பலகையில் சாக்குக்கட்டியால் கிறுக்கியதுபோல இருக்கும்) ஒன்றின் படத்தை வைத்து, சுழி சுழியாக ஓடும் அந்தக் கோட்டை அப்படியே போடச் சொன்னேன். எளிதென்று நினைத்துத் தொடங்கினார்கள். இரண்டாவது வரியிலேயே எல்லோருடைய சுழியும் அவரவர் கையெழுத்தாகிவிட்டது. கை சும்மா இருக்காது. எழுத்தாக்கப் பார்க்கும், அழகாக்கப் பார்க்கும், சுழியை மூடப் பார்க்கும். ட்வாம்ப்ளி இந்தப் பழக்கத்தை உதற மெனக்கெட்டிருக்கிறார். ராணுவத்தில் இருந்தபோது இரவில் விளக்கை அணைத்துவிட்டு வரைந்து பழகினார். 1970இல் வரைந்த பெரிய கரும்பலகை ஓவியத்துக்கு நண்பர் ஒருவரின் தோளில் உட்கார்ந்துகொண்டார். நண்பர் துணியின் நீளத்துக்கு நடக்க நடக்க இவர் கோடு போட்டுக்கொண்டே போனார். விரலும் மணிக்கட்டும் தனியாக வேலை செய்ய வழியில்லாத நிலை அது.

இது உங்களுக்கு அவரைத் திறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தாளில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

இல்லை. பார்த்ததில்லை. இரண்டு பேருடையதையும்.

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். நான் வைத்த அளவுகோலில் எனக்கு மிகவும் பிடித்த இருவரே நிற்கவில்லை. ஷியே அந்த வருடம் முழுக்க என்ன செய்தார் என்பது அட்டைகளிலும் படச்சுருளிலும்தான் இருக்கிறது. அவற்றைப் பார்க்காமலேயே எனக்கு எல்லாம் நடந்துவிட்டது.

கிரீடின் அறையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் 'குறிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது' என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் கோபம் குறிப்பு மேல் இல்லை. கொடுத்தது எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு வருடத்தைக் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் 46 வருடத்தை. இது சரியான அளவுகோலா என்று கேட்டால், தெரியாது. மார்ட்டினின் ஓவியத்துக்கு எத்தனை நாள் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லையே.

தூரத்துவிளக்கு எழுதியது:

குறிப்பு விஷயத்தில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு வகை இருக்கிறது.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் 'பிர்கெனாவ்', 2014. நான்கு பெரிய அருவ ஓவியங்கள். கறுப்பு, சாம்பல், நடுவே சிவப்பும் பச்சையும் கீறிக்கொண்டு வருகின்றன. அவர் வழக்கமாக அகலமான பட்டையால் வண்ணத்தை இழுத்து இழுத்துச் செய்வாரே, அதே முறை. பார்க்கிறவருக்கு அவருடைய மற்ற அருவ ஓவியங்களிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அடியில் வேறொன்று இருக்கிறது. 1944 ஆகஸ்டில் நாஜிகளின் பிர்கெனாவ் வதை முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள். ரிக்டர் முதலில் அவற்றை நான்கு துணிகளில் வரைந்தார். பிறகு வண்ணத்தை மேலே மேலே இழுத்து முழுவதுமாக மூடிவிட்டார்.

சொல்லாவிட்டால் தெரியாது. சொன்ன பிறகும் தெரியவில்லை. அறிந்துகொண்டே பார்க்க முடியாமல் நிற்கிறோம். பெர்லினில் இவற்றைப் பார்த்தபோது என் கண் நிற்காமல் விரிசல்களிலும் சுரண்டிய இடங்களிலும் தேடிக்கொண்டிருந்தது. ஏதாவது ஓர் உருவம் கிடைக்குமா என்று. அப்படித் தேடுவது எனக்கே ஆபாசமாகத் தோன்றியபோது நிறுத்திக்கொண்டேன். எதிர்ச் சுவரில் கண்ணாடி வைத்திருக்கிறார். திரும்பினால் ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் நாம்தான் தெரிகிறோம்.

இது எனக்குப் பிடித்த படைப்பா பிடிபடாத படைப்பா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. மூடியது மரியாதையா, தப்பித்தலா? இரண்டு பக்கமும் என்னால் வாதாட முடியும். அவருடைய வேறு ஓவியங்கள், மங்கலாக்கிய புகைப்பட ஓவியங்களும் கொலோன் தேவாலயத்தில் 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களால் செய்த சன்னலும், தயக்கமில்லாமல் பிடிக்கும். இதில் மட்டும் மனம் ஒரு முடிவுக்கு வர மறுக்கிறது.

ஈரக்களிமண் எழுதியது:

'அறிந்துகொண்டே பார்க்க முடியாமல்' – இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்ய முடியவில்லை. நன்றி.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் ஓவியம் தெரிந்தவள் இல்லை. செவிலியர், பல வருடமாகப் புற்றுநோய்ப் பிரிவு. நீலமை அக்கா எழுதியதால் மட்டும்தான் கணக்குத் திறந்தேன்.

அந்த மிட்டாய்க் குவியலை நானும் பார்த்திருக்கிறேன். மாநாட்டுக்குப் போன இடத்தில், கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். குறிப்பு முழுவதும் படிக்கவில்லை. தலைப்புக்குக் கீழே, எதனால் செய்தது என்று போட்டிருப்பார்களே, அந்த வரி மட்டும் கண்ணில் பட்டது. வண்ணத் தாள்களில் மிட்டாய்கள், முடிவில்லாத வழங்கல், உகந்த எடை 175 பவுண்டு.

உகந்த எடை. இது நாங்கள் தினமும் எழுதுகிற சொல். சேர்க்கும் நாளில் ஓர் எடை எழுதுவோம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. 71, 68, 64. ஒரு கட்டத்துக்கு மேல் நோயாளியே திரும்பி எண்ணைப் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தைப் பார்ப்பார். ராஸ் யார் என்று எனக்குத் தெரியாது, எய்ட்ஸ் என்றும் தெரியாது. ஆனால் அது ஒரு மனிதர் என்று அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. குவியலைப் பார்த்தவுடன் இன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்றுதான் கண் அளந்தது. அறுபத்தைந்து இருக்கும் என்று நினைத்தேன்.

குறிப்பா மிட்டாயா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எடைதான்.

கரித்துண்டு எழுதியது:

இரவுப்பணி அக்கா, பதினைந்து நிமிடமாகப் பதில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு செய்தி மட்டும் சேர்க்கிறேன். 2022இல் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பில் ராஸ் யார் என்பதும் எய்ட்ஸ் என்பதும் இல்லாமல் போயிருந்தன. பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பிறகு குறிப்பை மாற்றி எழுதினார்கள். அந்த எதிர்ப்பு நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த மரணங்களை யாரும் பேசாமல் மூடி வைத்திருந்த காலத்தில் செய்த படைப்பு அது. பெயரை எடுத்துவிட்டால் மறுபடி மூடுவதாகிவிடும். அதே நேரம், கொன்சாலஸ்-டொரஸ் தானே 'தலைப்பற்றது' என்று வைத்து, பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டவர். அந்த அடைப்புக்குறியை இப்போதுதான் உற்றுப் பார்க்கிறேன்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

இரவுப்பணி அம்மா, நீங்கள் ஒன்று எடுத்தீர்களா? கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

எடுத்தேன் சார். கடைசி நாட்களில் அவர்களுக்கு எதுவும் இறங்காது. யாராவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தின்பண்டத்தை எங்கள் பக்கம் தள்ளி, நீ சாப்பிடு என்பார்கள். விதிப்படி வாங்கக் கூடாது. மறுத்தால் முகம் வாடிப்போகும். அதனால் அவர்கள் கண்முன்னாலேயே வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். அங்கேயும் அப்படித்தான். அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

நீலமை எழுதியது:

நான் அன்று எடுக்கவில்லை. குறிப்பைப் படித்த பிறகு கை போகவில்லை, எடுப்பது அவரைக் குறைப்பதாகத் தோன்றியது. இப்போது இரவுப்பணி எழுதியதை மூன்று முறை படித்துவிட்டேன்.

கரித்துண்டு, நேற்று விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தாள் முழுக்க 'அ'வும் 'ஆ'வும். ஒரு கோடு மட்டும், தாளின் விளிம்பு முடிந்தது தெரியாமல் மேசைமேல் ஓடியிருக்கிறது. அதை இன்னும் துடைக்கவில்லை.